பாலி பயணத்தின் நடுவில் ஞெப்பி வந்தால் தேதியை மாற்ற வேண்டுமா?

"மனைவி, ஏழு வயது மகன், அம்மாவோடு மார்ச் மாதம் பாலிக்குப் போகிறோம். டிக்கெட் எடுத்த பிறகுதான் நடுவில் ஞெப்பி என்று ஒரு பண்டிகை வருவது தெரிந்தது. அன்று முழுக்க ஹோட்டலை விட்டு வெளியே வரக் கூடாதாம், விமான நிலையத்தையே மூடிவிடுவார்களாம். ஒரு நாள் வீணாகப் போகிறதே, தேதியைத் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிப் போடாதீர்கள். முடிந்தால் இன்னும் மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். நான் பாலியில் வேலை பார்த்தவன். ஞெப்பியைக் கடலோர ஹோட்டலிலும் கழித்திருக்கிறேன், கிராமத்து வீட்டிலும் கழித்திருக்கிறேன். அந்தத் தீவில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் ஞெப்பியை ஒட்டிய அந்த நான்கைந்து நாட்களுக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. "ஹோட்டலில் அடைபட்டுக் கிடக்கும் நாள்" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் அந்த ஒரு நாளை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். முந்தைய நாட்களின் கூட்டத்தையும் சத்தத்தையும் பார்க்காமல் நேராக அந்த மௌனத்துக்குள் போய் இறங்கினால் அது வெறும் ஊரடங்காகத்தான் தெரியும்.

முதலில் இது என்ன பண்டிகை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலி இந்துக்களின் சக ஆண்டுப் பிறப்புதான் ஞெப்பி. கி.பி. 78இல் தொடங்கும் அதே சக ஆண்டுக் கணக்குதான், நம் நாட்டின் தேசிய நாட்காட்டியிலும் இருப்பது. அவர்களுடைய ஒன்பதாம் மாத அமாவாசைக்கு மறுநாள் புத்தாண்டு. 2024இல் மார்ச் 11, 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. அந்த 2026ஆம் ஆண்டு யுகாதியும் ஞெப்பியும் ஒரே நாளில் வந்தன. எல்லா வருடமும் இப்படிப் பொருந்தாது, சந்திர மாதக் கணக்கைச் சூரிய ஆண்டோடு பொருத்த இடையில் ஒரு கூடுதல் மாதம் சேர்க்கும் விதம் இரண்டு இடத்திலும் வேறு. இந்தோனேசிய அரசு 1983இல் இதை நாடு முழுவதற்குமான பொது விடுமுறையாக அறிவித்தது. ஆனால் ஜகார்த்தாவில் அது வெறும் விடுமுறை. முழுத் தீவும் ஓய்ந்து போவது பாலியில்தான்.

தெரு நெடுக வளைந்து தொங்கும் மூங்கில் தோரணங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது கலுங்கான் பண்டிகைக்கு உரியது. 210 நாளுக்கு ஒரு முறை வரும், வேறு காலக்கணக்கு. ஞெப்பியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, நாட்களுக்கு வருவோம். ஞெப்பிக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே மெலஸ்தி ஊர்வலங்கள் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் உள்ள புனிதப் பொருட்களைத் தலையில் சுமந்து, வெள்ளை உடையில், குடைகளும் கொடிகளுமாகக் கடலுக்கு நடந்து போவார்கள். மலைப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏரிக்கோ சுனைக்கோ போவதும் உண்டு. கூடவே தாளமும் கோங்கும் முழங்கும் பலெகஞ்சூர் இசைக் குழு. சானூர், பெத்தித்தெங்கெட் போன்ற கடற்கரைகளுக்குக் காலையிலிருந்தே ஊர் ஊராக வந்தபடி இருப்பார்கள். உங்கள் அம்மா மாசி மகத் தீர்த்தவாரி பார்த்தவராக இருந்தால் அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை; சாமி கடலுக்குப் போவது அவருக்குத் தெரிந்த காட்சி. ஓரமாக நின்று பாருங்கள். ஊர்வலத்தின் குறுக்கே போகாதீர்கள். பூசை செய்பவரின் தலைக்கு மேல் உயரமாக ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், அது அங்கே பெரிய அவமரியாதை. இடுப்பில் காமென் என்கிற துணியும் அதன் மேல் ஒரு கச்சையும் கட்டிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்கும். சந்தையில் மலிவாகவே கிடைக்கும்.

முந்தைய நாள்தான் உச்சம். நண்பகல் வாக்கில் ஊர் நாற்சந்திகளில் தாவுர் கெசாங்கா என்ற பூத யக்ஞம் நடக்கும். பூமியிலும் நாற்சந்திகளிலும் இருக்கும் கீழ்நிலைச் சக்திகளுக்குப் படையல் போட்டுச் சாந்தப்படுத்துகிற சடங்கு இது. இதில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோழி, வாத்து, பெரிய சடங்குகளில் எருமை வரை பலி உண்டு. 'பாலியிலும் இந்துக்கள்தானே, நம் பெருமாள் கோயில், சிவன் கோயில் மாதிரி இருக்கும்' என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் இங்கே திகைத்துப் போகிறார்கள். நம் கிராமத்து எல்லைத் தெய்வங்களின் கொடையை மனதில் வைத்துக்கொண்டால் எளிதில் புரியும். அம்மாவோ பையனோ பார்க்க விரும்பாவிட்டால் நண்பகலில் அறையில் இருந்துவிட்டு மாலையில் வெளியே வாருங்கள்.

மாலையில் ஒவ்வொரு வீட்டிலும் தென்னோலைப் பந்தம் கொளுத்தி, மூங்கில் மணியையும் பாத்திரத்தையும் தட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார்கள். பெங்ருபுக்கான் என்று பெயர். ஒளிந்திருக்கும் பூதங்களைச் சத்தம் போட்டுக் கிளப்பி விரட்டுகிறார்கள். பையனைக் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் ஒரு வீட்டில் தங்கியிருந்தால் அவர்களே அவன் கையில் ஒரு பானை மூடியைக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் ஓகோ-ஓகோ. மூங்கிலைக் கட்டி, காகிதம் ஒட்டி, வண்ணம் பூசிச் செய்த பூத உருவங்கள். சில இரண்டு மாடி உயரம் வரும். பிதுங்கிய கண்ணும் கோரைப் பல்லும் நீண்ட நகமுமாக, ஒற்றைக் காலில் நிற்பது போலவோ காற்றில் பறப்பது போலவோ இருக்கும். அவ்வளவு எடையும் எப்படி நிற்கிறது என்று நீங்கள் அடியில் குனிந்து பார்ப்பீர்கள். இவற்றைச் செய்வது தொழில்முறைச் சிற்பிகள் மட்டும் இல்லை. பாலியில் ஒவ்வொரு பகுதிக்கும் பஞ்சார் என்ற ஊர்ச்சபை உண்டு. அந்தப் பஞ்சாரின் இளைஞர் குழு வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், இரவு இரவாக உட்கார்ந்து செய்கிறது. செலவுக்குத் தங்களுக்குள் பணம் போடுவார்கள், வீடு வீடாகத் திரட்டுவார்கள். இடையில் கொஞ்ச காலம் எல்லோரும் தெர்மாகோலுக்குத் தாவினார்கள். இப்போது பாலியின் தலைநகரான டென்பசார் போன்ற இடங்களில் அதைத் தடுத்து, மூங்கில், பிரம்பு, காகிதம் என்று பழைய பொருட்களுக்கே திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம். மூங்கில் பிளக்கவும் பின்னவும் தெரிந்த கைகள் அடுத்த தலைமுறையிலும் இருக்கும் என்ற நம்பிக்கை வருகிறது.

ஆகவே இரண்டு நாள் முன்னதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் வேலை, இரவு எட்டு மணிக்கு மேல் பக்கத்துப் பஞ்சார் மண்டபம் வரை நடந்து போய்ப் பாருங்கள் என்பதுதான். கடைசிக் கட்ட வேலை நடந்துகொண்டிருக்கும். உங்களை விட மூத்த ஆணைப் 'பாக்' என்றும் பெண்ணை 'இபு' என்றும் கூப்பிடலாம்; இளைஞர்களை 'பிளி' என்றால் அண்ணா மாதிரி. அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார்கள்.

ஊர்வலம் பொழுது சாயும்போது தொடங்கும். இருபது முப்பது பேர் மூங்கில் சட்டத்தைத் தோளில் தாங்கி ஓடுவார்கள். நாற்சந்திக்கு வந்ததும் உருவத்தை மூன்று முறை சுற்றுவார்கள், பூதங்களுக்குத் திசை குழம்ப வேண்டும் என்பதற்காக. முடிந்ததும் கொளுத்திவிடுவது வழக்கம். சில குழுக்கள் நன்றாக வந்த உருவத்தை விற்றுவிடுவதும், கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு. பெரிய கூட்டம் பார்க்க வேண்டுமானால் டென்பசாரில் நான்முகச் சிலை இருக்கும் சந்திப்பு. ஆனால் குழந்தையும் பெரியவரும் இருக்கும்போது நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன். நெரிசல் அதிகம், திரும்பி வர வண்டியும் கிடைக்காது. நீங்கள் தங்கும் ஊரின் சந்தியிலேயே பாருங்கள். சின்ன ஊரில் நான்கைந்து உருவங்கள்தான் வரும், ஆனால் தூக்குகிறவர்களின் அம்மாக்களும் பாட்டிகளும் உங்கள் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். அந்த உற்சாகம் நகரத்துப் போட்டியில் இல்லை.

இந்த ஊர்வலம் ஏதோ ஆயிரம் வருட வழக்கம் என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும். அப்படி இல்லை. பூத யக்ஞமும் பந்தமும் பழையவை. ஓகோ-ஓகோ இன்றைய வடிவில் பரவியது 1980களில், பொது விடுமுறை அறிவிப்பு வந்த காலத்தை ஒட்டித்தான். அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறையவில்லை. ஒரு தலைமுறை தன் பண்டிகைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்து, அது இவ்வளவு ஆழமாக வேர் பிடித்ததை நேரில் பார்க்க முடிகிறதே.

நள்ளிரவுக்குள் தெருக்கள் அடங்கும். காலை ஆறு மணிக்கு ஞெப்பி தொடங்கி மறுநாள் காலை ஆறு வரை இருபத்து நான்கு மணி நேரம். நான்கு விலக்குகள்: நெருப்பும் விளக்கும் கூடாது, வேலை கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. பக்தி மிகுந்தவர்கள் அன்று முழு உபவாசமும் மௌன விரதமும் இருப்பார்கள். ஙூரா ராய் விமான நிலையம், ஜாவாவுக்குப் போகும் கிலிமானுக் படகுத் துறை, எல்லாம் மூடல். தீவுக்குள் தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்பு நிற்கும். 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். மருத்துவமனைகள் மட்டும் இயங்கும். பிரசவமோ அவசரமோ என்றால் ஆம்புலன்ஸ் வரும், பெச்சாலாங் காவலர்களே வழிவிட்டு உதவுவார்கள். கறுப்புச் சட்டை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட இடுப்புத் துணி, தலைப்பாகை, இதுதான் அவர்களுடைய அடையாளம். இவர்கள் போலீஸ் இல்லை, பஞ்சாரே நியமித்த ஊர்க்காவலர்கள். அன்று தெருவில் நடமாடும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். உங்கள் சன்னலில் வெளிச்சம் கசிந்தால் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

பாலியில் இந்துக்கள் அல்லாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள் சமைக்கலாம், சாப்பிடலாம்; ஆனால் வெளிச்சமும் சத்தமும் வெளியே வரக் கூடாது. ஞெப்பி வெள்ளிக்கிழமை வந்தால் முஸ்லிம்கள் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு நடந்தே போய், ஒலிபெருக்கி இல்லாமல் தொழுதுவிட்டு வருவது வழக்கம். 2024இல் ரமலான் தொடக்கமே ஞெப்பியோடு வந்து சேர்ந்தது. இரண்டு சமூகத்துப் பெரியவர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வழி செய்துகொண்டார்கள்.

ஏன் இந்த மௌனம் என்று கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது: நேற்று நாம் போட்ட சத்தத்தில் கிளம்பிய பூதங்கள் இன்று வானத்தில் சுற்றிப் பார்க்கும். கீழே விளக்கும் இல்லை, ஆள் அரவமும் இல்லை. 'இந்தத் தீவில் யாருமே இல்லை போலிருக்கிறது' என்று போய்விடும். பூசாரிகள் சொல்வது: வருடத்தின் முதல் நாளை ஒன்றுமே செய்யாமல் தொடங்கு, போன வருடம் உன்னை நீயே எப்படி நடத்தினாய், மற்றவரை எப்படி நடத்தினாய் என்று யோசித்துப் பார். உங்கள் மகனுக்கு முதல் கதையைச் சொல்லி வையுங்கள். பூதம் கண்டுபிடிக்காமல் நாள் முழுக்க ஒளிந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் அவன் உங்களை விடக் கண்டிப்பாக விரதம் காப்பான்.

பகலில் என்ன நடக்கும்? பெரிதாக ஒன்றும் இல்லை. பாலியில் மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லாத நிமிடமே கிடையாது. அது நின்றபோதுதான் அவ்வளவு நாளும் அது ஓடிக்கொண்டே இருந்தது என்று எனக்குப் புரிந்தது. சேவல் கூவுவதும், நாய் குரைப்பதும், வயல் தவளைகளும், தோக்கே என்கிற பெரிய பல்லி தன் பெயரைத் தானே சொல்லிக் கத்துவதும் கேட்கும். மதியம் தூங்குவீர்கள். நான் பார்த்த வீட்டில் முந்தின நாளே சமைத்து வைத்ததை எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மெல்லிய குரலில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சில கிராமங்களில் குழந்தைகள் ஆளில்லாத தெருவில் விளையாடுவார்கள், ஊர்க்காரர்கள் கண்டும் காணாமல் விடுவார்கள். அதைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது. வெறிச்சோடிய சாலையை ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வாசல் தாண்டுகிறவர்கள்தான் ஒவ்வொரு வருடமும் அந்த ஊர்க்காரர்களின் மனதைப் புண்படுத்துகிறார்கள். நீங்கள் விருந்தாளி. அந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் கேட்கிறார்கள்.

இரவுக்கு மட்டும் தூங்காமல் விழித்திருங்கள். அமாவாசையை ஒட்டிய இருட்டு. சுமார் 43 லட்சம் பேர் வாழும் தீவில் ஒரு தெரு விளக்குகூட எரியாது. வானம் தெளிவாக இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேற்குப் பக்கம் உயரத்தில் மிருகசீரிடமும் திருவாதிரையும், தெற்கே அகத்திய நட்சத்திரம் நல்ல உயரத்தில், தென்கிழக்கில் தென்சிலுவை மேலே ஏறிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து அகத்தியரைத் தாழ்வாகத்தான் பார்த்திருப்பீர்கள். பின்னிரவில் பால்வெளியின் அடர்ந்த பகுதி கிழக்கே எழும். விடியலுக்கு முன்பு ஒரு முறை பையனை எழுப்பிக் காட்டுங்கள். மார்ச் மழைக்காலத்தின் கடைசிப் பகுதி என்பதால் மேகம் மூடிவிடும் வாய்ப்பும் உண்டு. மூடினால் இருட்டு இன்னும் கனமாக இருக்கும். அதுவும் நகரத்தில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்றுதான்.

எங்கே தங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரிய ரிசார்ட்களில் ஞெப்பிக்கென்றே சலுகைத் திட்டம் போடுவார்கள். நீச்சல் குளம் திறந்திருக்கும், வளாகத்துக்குள் நடக்கலாம், உணவகம் திரை போட்டு இயங்கும், சில இடங்களில் வைஃபையும் இருக்கும். வசதிதான். ஆனால் பண்டிகை மதில் சுவருக்கு வெளியே நின்றுவிடும். உபுடைச் சுற்றியுள்ள ஊர்களிலோ, சிடெமென் பக்கத்திலோ ஒரு குடும்பத்தின் வளவுக்குள் இருக்கும் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். பாலி வீடு என்பது ஒரு மதிலுக்குள் தனித்தனிக் கட்டடங்களும் ஒரு மூலையில் குடும்பக் கோயிலும் சேர்ந்தது. உங்கள் அறையும் அதற்குள்தான் இருக்கும். பந்தம் சுற்றுவதிலிருந்து மறுநாள் விருந்து வரை எல்லாம் உங்கள் வாசலிலேயே நடக்கும். முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: ஞெப்பி அன்று மூன்று வேளைச் சாப்பாடு தருவீர்களா, அம்மாவுக்குச் சைவம் முடியுமா? 'காய்கறி' என்று சொல்லித் தருவதில்கூட இறால் விழுது சேர்ந்திருக்கும், 'தெராசி வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்கு அவர்கள் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரிசார்ட்தான் நல்லது என்பேன். அம்மாவுக்கு இருட்டில் நடக்க முடியாது, இரவில் அடிக்கடி எழுந்திருக்க வேண்டும், அல்லது தொடர் மருத்துவக் கவனிப்பு தேவை என்றால், மருத்துவமனைக்கு அருகில் உள்ள ஹோட்டலாகப் பாருங்கள். மனைவி நிறைமாதமாக இருந்தால் தேதியை மாற்றவே சொல்வேன்.

முந்தைய நாள் மதியத்துக்கு மேல் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைப்பார்கள், கடைகளும் ஒவ்வொன்றாக மூடும். ஆகவே தங்குமிடத்துக்கு அன்று காலையிலேயே போய்விடுங்கள். கையில் ரொக்கம், மருந்து, பழம், பிஸ்கட், தண்ணீர் எல்லாம் அதற்கு முன்பே வாங்கி வையுங்கள். முந்தைய நாள் காலையில் கடைகளில் பெரும் கூட்டமாக இருக்கும். சிவப்பு ஒளியுள்ள சின்ன டார்ச் ஒன்று, பையனுக்குக் கதைப் புத்தகம், சீட்டுக்கட்டு. கைப்பேசியில் படம் இறக்கி வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நீங்கள் வேண்டாம். பொழுது போகாமல் இருப்பதும் அந்த நாளின் ஒரு பகுதிதான், ஏழு வயதுப் பையனுக்கும் அது தாங்கும்.

மறுநாள் பெயர் ஙெம்பாக் கெனி. உறவினர் வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். டென்பசாரின் செசெத்தான் பகுதியில் அன்று மாலை ஒமெட்-ஒமெடான் நடக்கும். கல்யாணமாகாத இளைஞர்களும் பெண்களும் இரு அணியாக நின்று ஒருவரை ஒருவர் இழுத்து அணைத்து முத்தமிட, மற்றவர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றுவார்கள். கூட்டமும் கேமராவும் இப்போது மிக அதிகம், குடும்பத்தோடு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. நீங்கள் தங்கிய வீட்டுக்காரர்களோடு அன்று காலையை இருந்துவிடுங்கள். 'ரஹாஜெங் ஞெப்பி' என்று வாழ்த்துங்கள், ஊரிலிருந்து கொண்டுபோன ஏதாவது இனிப்பு இருந்தால் கொடுங்கள்.

திரும்பும் விமானத்தை ஙெம்பாக் கெனி அன்று காலைக்கு மட்டும் போடாதீர்கள். ஆறு மணிக்கு நிலையம் திறந்ததும் ஒரு நாள் தேங்கிய கூட்டம் முழுவதும் அங்கே இருக்கும், சாலையிலும் வண்டி கிடைப்பது கடினம். அதற்கு அடுத்த நாள் போட்டால் நிம்மதி. இந்தியர்களுக்கு வந்து இறங்கியதும் தரும் விசா 500,000 ருப்பியா, 30 நாள் செல்லும். 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கென்று தனியாக ஆளுக்கு 150,000 ருப்பியா சுற்றுலாக் கட்டணமும் உண்டு. இரண்டையும் கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.